எதிர் வீட்டுக் கிண்ணம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று தெரியவில்லை. மறதி வேறு. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழ் வீட்டு மருமகப் பெண்தான், "எதிர் வீட்டு அந்தம்மா கதை வர்ற பத்திரிகையில, அவங்களைத் தெரிஞ்சவங்க எழுதலாம்னு போட்டிருக்காங்க பாட்டி. நீங்க எழுதுங்க, நான் ஃபோன்ல அடிச்சு அனுப்புறேன்" என்றாள். எதிர் வீட்டிலேயே இருந்தவள் நான். நான் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

அந்த அம்மா கதை எழுதுகிறவர். சின்னக் கதைதான். நாலு பக்கம், ஐந்து பக்கம். அவர் பெயரை நான் இதில் எழுதவில்லை. தெரியாமல் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு மந்தைவெளியில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் பழைய கட்டிடம், இரண்டாவது மாடி. மாடிப்படி முடிகிற இடத்தில் எதிரெதிராக இரண்டு கதவு. ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது. நடுவில் ஒரு நாற்காலி போட்டால் ஆள் போக வழியிருக்காது. மெட்ரோ ரயிலுக்குத் தெருவைத் தோண்டத் தொடங்கிய பிறகு ஜன்னலைத் திறந்தால் தூசி. அதனால் காற்றுக்காக இருவருமே வாசல் கதவைத் திறந்து வைத்திருப்போம். அவர் வீட்டுக் கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்கும். என் வீட்டுச் சத்தமும் அவருக்குக் கேட்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அவர் குடி வந்த புதிதில் ஒரு நாள் என் கதவைத் தட்டினார். ஒல்லியான உடம்பு. நரைத்த முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதன் மேல் தட்டு மூடியிருந்தது.

"அக்கா, இது உப்புமா. ஒரு வாய் சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

முன்பின் தெரியாதவர் இப்படி வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்? அங்கேயே நின்று ஒரு வாய் போட்டேன். காது அடைத்துப் போனது.

"காரம் தூக்கலா கீதும்மா" என்றேன்.

"கண்ணுல தண்ணி வருதா?"

"வருதே."

"அப்ப சரி. அவருக்கு அப்படித்தான் வேணும். நாக்கு செத்துப் போச்சு, எதைப் போட்டாலும் உறைக்க மாட்டேங்குது."

சந்தோஷமாகத் திரும்பிப் போய்விட்டார். பாவம், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவி, ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கறிவேப்பிலையாவது கிள்ளிப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் தினமும் ஏதாவது காரமாக வந்தது. மிளகாய்த் துவையல், மிளகாய் போட்ட புளிச்சோறு. ஆனால் அந்த மனிதரை நான் பார்க்கவேயில்லை. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. இந்தப் பேச்சு கீழே வாட்ச்மேன் வரைக்கும் போய்விட்டது.

"உள்ள ஆம்பள யாரும் கெடையாது பாட்டிம்மா. சாமான் எறக்கும்போது நான் கூடவே நின்னுக்கினு இருந்தேன்" என்றார் வாட்ச்மேன்.

இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண் விடவில்லை. "அப்போ அந்தாளு எப்டி வந்து துன்னுட்டு போறாரு? பைப்பு புட்ச்சிக்கினு ஏறுறாரா? ஒரு பேண்ட்டு சட்டை இஸ்திரிக்கு வர்ல பாரு. லுங்கி கட்ற ஆளாத்தான் இருப்பாரு."

நான் கூச்சப்படுகிறவள். ஒருவர் வீட்டு விஷயத்தைக் கேட்க எனக்கு வாய் வராது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் பார்த்தபோது கேட்டுவிட்டேன்.

"அவருக்கு இப்போ எப்டி கீதும்மா?"

"யாருக்கு அக்கா?"

"அதான், காரமா சாப்புடுவாரே."

"ஓ, அவரா? செத்துட்டார்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்போம்மா? ஒரு சத்தம் இல்லியே! ஒரு குரல் கூப்புட்டிருந்தா ஓடியாந்திருப்பனே!"

"நேத்து சாயங்காலம். ரெண்டு பக்கம் முன்னாடியே போயிருக்கணும். நான்தான் இழுத்துக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். நான் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அன்றைக்குத்தான் அவர் வேலை செய்கிற விதத்தைச் சொன்னார். யாரைப் பற்றிக் கதை எழுதுகிறாரோ, அந்த ஆள் சாப்பிடுவதை அவர் சமைப்பார். கதை முடிகிறவரை அதைத்தான் சாப்பிடுவார். ருசி சரியாக வரும்வரைக்கும் அந்த ஆளுக்குப் பெயர் வைக்க மாட்டார். 'அவன்', 'அவள்' என்றுதான் எழுதிக்கொண்டு போவார்.

"ஒருத்தர் வாய்க்கு என்ன பிடிக்கும்னு தெரியாம அவங்களுக்குப் பேர் வைக்கக்கூடாது அக்கா. வச்சா ஒட்டாது" என்பார். இதை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எழுதுவதும் சமையலறையில்தான். மேஜை நாற்காலி எதுவும் கிடையாது. அடுப்பு மேடையில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே எழுதுவார். கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். நின்றால் பேனா ஓடுகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை வரும். நான் என் வீட்டிலிருந்தே, "அடிப் புடிக்குதும்மா!" என்று குரல் கொடுப்பேன். "தெரியுது அக்கா!" என்பார். அப்படியும் அடுப்பை அணைக்க மாட்டார்.

ஒரு கதை, தி.நகரில் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. காலையிலிருந்து நின்றுகொண்டே புடவையை விரித்துப் போடுகிறவள். மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குமேல் கடையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். அதற்காக இந்த அம்மா காலையிலேயே எலுமிச்சைச் சோறு கிளறி, டப்பாவில் அடைத்து, மதியம் வரை பசியோடு இருப்பார். பிறகு எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, ஆறி விறைத்த அந்தச் சோற்றைச் சாப்பிடுவார். காலையிலிருந்து வீட்டில் உட்காரவே இல்லையாம். படியேறி வருகிறவர்களெல்லாம் ஒதுங்கிப் போனார்கள். கூரியர் கொண்டு வந்த ஒருவர், "இன்னா ஆயா, வீட்ல தொரத்திட்டாங்களா?" என்றே கேட்டுவிட்டார். "ஆமாப்பா, சூப்பர்வைசர் தொரத்திட்டார்" என்றார் இவர்.

இன்னொரு தடவை மீன் விற்கும் பெண்ணைப் பற்றி எழுதினார். இவர் பிறந்ததிலிருந்து சைவம். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை கொண்டுவரும் பெண்ணிடம் சங்கரா மீனை வாங்கிக்கொண்டார். வாங்கி, தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா நீ, மீன வாங்கிக்கினு பொண்ணு பாக்குற மாரி பாத்துக்கினே கீற? குடு, நா கய்வித் தரேன்."

"இல்ல, கண்ணு எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"கண்ணு நல்லாத்தான் கீது, உன் கண்ண வுட. நேத்து தூங்குனியா இல்லியா நீ?"

அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள். இந்த அம்மா சரியாகத் தூங்குகிறவர் இல்லை.

குழம்பு வைத்தார். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வைத்தார் என்று நினைக்காதீர்கள், பாத்திரத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு வைத்தார். ஆனால் வாயில் போட முடியவில்லை. சட்டியோடு என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வாசனை வரைக்கும்தான் என்னால போக முடிஞ்சது" என்றார். அந்தக் கதையில் மீன்காரப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசி வரைக்கும் 'அவள்', 'அவள்' என்றே இருந்தது.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்கிறேன். பக்கத்திலிருந்து பார்த்தால் வேடிக்கை இல்லை. ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்குகிறவரை அவர் வீட்டில் அடுப்பு எரியாது. தெருமுனை பேக்கரியில் பன் வாங்கிவந்து பாலில் தோய்த்துச் சாப்பிடுவார். காலையும் அதே, மாலையும் அதே. கல்யாணம் ஆனவரா, இல்லையா? நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஏதோ ஒரு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் தெரியும். யாரும் வர மாட்டார்கள். எப்போதாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டு பளபளவென்று சால்வை போர்த்தி அனுப்புவார்கள். வந்ததும் அதைக் கழற்றி மிக்ஸி மேல் போர்த்துவார். கேஸ் சிலிண்டருக்கு ஒன்று, அரிசி டப்பாவுக்கு ஒன்று. அவர் சமையலறையில் சாமான்களெல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

ஒரு நாள் கேட்டேன்: "ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் ஆக்குறீங்க. உங்களுக்கு இன்னா புடிக்கும்மா?"

"எனக்கா?"

செத்துப்போன ஒரு சொந்தக்காரரை நான் விசாரித்தது போல என்னைப் பார்த்தார். பன்னைப் பிட்டு, திரும்பவும் தட்டில் வைத்தார். "எனக்குன்னு தனியா சமைச்சதில்லை அக்கா. சின்ன வயசுல பிடிச்சது ஏதாவது இருந்திருக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் போன பிறகு என் மகன் என்னை வேளச்சேரிக்குக் கூப்பிட்டான். அங்கே அவனுக்கு உயரத்தில் ஒரு ஃபிளாட். கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். நல்ல பிள்ளைதான், மருமகளும் நல்லவள்தான். ஆனால் அங்கே எனக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்று கெஞ்சினேன். மகன் ஒரு நிபந்தனை போட்டான். "ஒழுங்கா சமைச்சு சாப்பிடுறதா இருந்தா இரு. சாப்பிடாம கெடந்து உடம்பைக் கெடுத்துக்கிட்டன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பொட்டியைக் கட்டிடுவேன்."

அதனால் தினமும் சாயங்காலம் ஃபோன் செய்வான்.

"சாப்டியாம்மா? இன்னா செஞ்ச?"

"கத்திரிக்கா காரக்கொழம்புப்பா. அவரைக்கா பொரியல். ரசம் கொஞ்சம்."

அவ்வளவும் வாயில்தான். உண்மையில் என் சாப்பாடு ஒன்றே ஒன்று. மதியச் சோற்றில் வெந்நீரை ஊற்றிக் கரைத்து ஒரு கஞ்சி. ஒரு தக்காளியைக் கேஸ் நெருப்பில் சுட்டு, உப்பும் பச்சைமிளகாயும் வைத்து நசுக்கி அதற்குத் தொட்டுக்கொள்வேன். ஒரு அப்பளத்தையும் அதே நெருப்பில் சுட்டு உடைத்துப் போடுவேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் இரண்டு ஆளுக்கு வந்துவிடுகிறது. மிச்சத்தைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எதிர் வீட்டு அம்மா கேட்டாலும், காரக்குழம்பு என்றுதான் சொல்வேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கிண்ணத்தோடு வந்தார். வழக்கமாக, "சாப்பிட்டுப் பாருங்க" என்று நிற்பவர், அன்று என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

தட்டை எடுத்துப் பார்த்தேன். கரைத்த கஞ்சி. ஓரத்தில், சுட்டுத் தோலுரித்து நசுக்கிய தக்காளி. மேலே உடைத்துப் போட்ட அப்பளம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் முந்தானை நழுவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தினமும் நான் ஃபோனில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. தினமும் தக்காளி சுடுகிற வாசனையும் அவர் மூக்குக்குப் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அடுத்த கதை நான்தான். அச்சில் வந்துவிடும். என் மருமகள் அந்தப் பத்திரிகையை வாங்குகிறவள். அவள் படிப்பாள், மகனிடம் சொல்வாள். அவன் வந்து பெட்டியைக் கட்டுவான். அவ்வளவுதான், இந்த வீடு எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்த இந்த இரண்டு கதவு நடுவிடம் எனக்கு இல்லை.

மறுநாள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் காலியாகக் கொடுத்தேன். ஒரு கறிவேப்பிலைகூடப் போடவில்லை. வாய்ச்சண்டை எனக்கு வராது. எனக்குத் தெரிந்த சண்டை அதுதான்.

அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"காலியா குடுத்துட்டீங்களே அக்கா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் வாயில் வந்துவிட்டது: "அது நான் இல்லம்மா. நான் தக்காளித் தோல உரிக்க மாட்டேன். கருகுன தோலோடதான் துன்னுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் தப்பா செஞ்சிருக்கேன்" என்றார். "எனக்கு இன்னொண்ணும் புரியலை. தக்காளியை எதுல குத்திச் சுடுறீங்க? நான் முள்கரண்டியில குத்துனேன், நழுவி விழுந்துடுச்சு."

"திருப்புளி."

"என்னது?"

"ஸ்க்ரூ முடுக்குற திருப்புளி. எங்க வூட்டுக்காரருது. டிப்போல ராத்திரி டூட்டி முட்ச்சிக்கினு வருவாரு. நான் தூங்கிட்டிருந்தா எழுப்ப மாட்டாரு. அவரே கஞ்சி கரைச்சி, திருப்புளில தக்காளி குத்தி சுட்டுக்குவாரு. தோலோட துன்னுவாரு. கிரீஸ் கையோட."

கீழே மெட்ரோக்காரர்களின் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"போட்றாதீங்கம்மா" என்றேன். "எம்புள்ள கூட்டிக்கினு பூடுவான்."

"நீங்க சொல்ற வரைக்கும் குடுக்க மாட்டேன் அக்கா. பேரும் இன்னும் வைக்கலை. கதையும் முடியலை. அந்தம்மா தினம் ஃபோன்ல குழம்பு, பொரியல்னு சொல்லிட்டே இருக்காங்க. ஒரு நாள் என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். வெக்கையில் வெந்தேன், ஆனாலும் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமும் கரண்டிச் சத்தம் இல்லை. பேக்கரிக் கவர் மட்டும் அவர் வாசல் குப்பைக் கூடையில் கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னால் ஒரு அடுப்பு அணைந்து கிடக்கிறது.

ஒரு நாள் காய்காரரிடம் கத்திரிக்காய் வாங்கினேன். பிஞ்சாக, ஊதா நிறத்தில் கிடைத்தது. நல்லெண்ணெய் ஊற்றி, பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கி, புளி கரைத்து, காரக்குழம்பு வைத்தேன். அவரைக்காய் பொரித்தேன். சோறு கொஞ்சம் அடிப் பிடித்துவிட்டது, கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. சாயங்காலம் மகன் கேட்டபோது வழக்கம்போலச் சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் அன்றைக்கு அது உண்மை என்று உறைத்தது. குழம்பு வழக்கம்போல இரண்டு ஆளுக்கு வந்திருந்தது.

சோற்றுப் பாத்திரத்தின் மேல் குழம்புச் சட்டியை வைத்துத் தூக்கிக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். நானாகப் போய்த் தட்டியது அதுதான் முதல் தடவை.

அவர் குழம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது யார் சாப்பாடு அக்கா?"

"யாருதும் இல்லம்மா. உங்களுக்குத்தான் ஆக்கினு வந்தேன்."

அவர் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். மெதுவாகச் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. பாத்திரத்தின் அடியிலிருந்த தீய்ந்த சோற்றை மட்டும் கரண்டியால் சுரண்டித் தரச்சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு அது பிடிக்குமா, தீய்த்துத் தீய்த்துச் சாப்பிட்ட பழக்கமா, எனக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு, "யாரும் எனக்காக..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் பாதியில் நிறுத்தினால் முடிக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவ்வப்போது இப்படி நடந்தது. அடிக்கடி என்று சொல்ல முடியாது. நான் கூச்சப்படுகிறவள், அவர் கதையில் இருக்கிறவர்.

பிறகு அவருக்கு முழங்கால் மோசமானது. படி ஏற முடியவில்லை. சமையலறையில் நிற்க முடியவில்லை, அதனால் எழுதவும் முடியவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். "உட்கார்ந்தா கணக்கு எழுதுற மாதிரி இருக்கு அக்கா" என்றார். பெங்களூரிலிருந்து அவருடைய தங்கை மகன் வந்தார். அப்படி ஒருவர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரே காலையில் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினார்கள். சால்வைகளைச் சுருட்டிக் கண்ணாடிச் சாமான் நடுவில் திணித்தார்கள். காகிதமெல்லாம் எந்தப் பெட்டியில் போனதோ, பார்க்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். "இதை நீங்களே வச்சுக்கோங்க." தங்கை மகன் கீழிருந்து, "பெரியம்மா, வண்டி ரொம்ப நேரம் நிக்காது, டிராஃபிக் போலீஸ் திட்டுறார்!" என்று கத்தினார். இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போனார். நான் மேலேயே நின்றேன். கீழே போய் வழியனுப்பியிருக்கலாம். அவ்வளவு பேர் இருந்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது.

வண்டிச் சத்தம் போன பிறகு தட்டைத் திறந்தேன். அவல். வெல்லம் போட்டு ஊறவைத்து, தேங்காய் துருவிப் போட்டிருந்தது. இனிப்பு கம்மி. ஒரே ஒரு ஏலக்காய், தட்டாமல் முழுசாகக் கிடந்தது.

யார் சாப்பாடு என்று கேட்க மறந்துவிட்டேன். கிண்ணம் வரும்போதெல்லாம் அவரிடம் நான் கேட்கிற கேள்வி அது. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

பிறகு இரண்டொரு தடவை ஃபோனில் பேசினோம். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, எனக்கும் பேச்சு வரவில்லை. இந்த வருஷம் அவர் போய்விட்டதாகக் கீழ் வீட்டுப் பெண்தான் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை இரண்டு பக்கம் கூட்டி இழுத்துவைக்க எழுதுகிறவர் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் மகன் வழக்கம்போலக் கேட்டான். "இன்னாம்மா செஞ்ச?"

காரக்குழம்பு என்று வாய்வரைக்கும் வந்தது. "தக்காளி சுட்டேன்ப்பா. கஞ்சி" என்றேன்.

சரி, பெட்டி கட்டச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"தோலோடயா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா."

"அப்பா மாதிரி."

அவ்வளவுதான் பேசினோம். வேளச்சேரி என்று அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை. இனிமேல் சொல்லலாம். சொன்னால் அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

எதிர் வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. நான் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், காற்றுக்கு.

பத்திரிகைக்காரர்களையும் படிக்கிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சுட்ட தக்காளியும் கஞ்சியும் சாப்பிட்டுவிட்டு ஃபோனில் காரக்குழம்பு என்று சொல்லும் ஒரு அம்மாவைப் பற்றிய கதை எங்காவது வந்திருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. எங்காவது பெட்டியில் கிடந்து யார் கைக்காவது கிடைத்தால் தாராளமாகப் போடலாம், நான் சம்மதிக்கிறேன். அதில் முள்கரண்டி என்று இருந்தால் திருப்புளி என்று திருத்திக்கொள்ளுங்கள். தோலை உரிக்க வேண்டாம். அந்தம்மாவுக்கு என்ன பெயர் வைத்தார் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாய்க்குப் பிடித்தது தெரியாமல் பெயர் வைக்கக்கூடாது என்பது அவர் சொல்லிய வழி. எதிர் வீட்டில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு அது தெரியாது. அதனால்தான் அவர் பெயரை நான் எழுதவில்லை. அன்றைக்கு அடுப்பைக் கழற்றிவிட்டார்கள், வேறு எதுவும் செய்ய முடியாமல் அவல் ஊறவைத்தாரா? புதுக் கதையில் வருகிற யாருக்கோ செய்ததா? இல்லை, சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது அதுதானா? அவரோடு பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் விசாரித்துப் பாருங்கள். இனிப்பு கம்மியாக, ஏலக்காயைத் தட்டாமல் முழுசாகப் போட்டது. அது அவருடையதுதான் என்று தெரிந்தால், தயவுசெய்து அவர் பெயரை இதில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.